விஜயதசமியன்று மூடியிருந்த வால்வு

கப்பல்களின் எஞ்சின் அறைகளிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. ஓய்வு பெற்ற நாளில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை மரியாதைக்காகச் சொல்லப்பட்டவை. ஒன்று மட்டும் முழு உண்மை: என் பொறுப்பில் இருந்த எந்த எஞ்சினும் தண்ணீர் இல்லாமல் சூடேறி நின்றதில்லை. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில் முதுமையைக் கழிக்கும் எனக்கு இன்னும் மிஞ்சியிருந்த சொத்து அந்தப் பெயர்தான். மின்தூக்கியில் சந்திப்பவர்களும், என்னிடம் வேலை பழகிய பொறியியலாளர்களும் இன்றுவரை என்னைத் தலைமைப் பொறியியலாளர் என்ற பொருளில் 'சீஃப்' என்றே அழைக்கிறார்கள். அந்த அழைப்புக்கு நான் ஒருநாளும் மறுப்புச் சொன்னதில்லை.

ஒரு விஜயதசமிக் காலையில் அந்தப் பெயரில் விழுந்த கீறலைப் பற்றி எழுத என் நண்பனின் மனைவியிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். எவருடைய பெயரையும் போட வேண்டாம் என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டார். நண்பன் இப்போது பத்திரிகையைக் கையில் விரித்து வைத்திருப்பானே தவிர, வாசிப்பதில்லை. அவனைப் பற்றி மரியாதைப் பன்மையில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரே கல்லூரியில், ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள் நாங்கள்.

நான் கடலுக்குப் போனேன். அவன் கொட்டாஞ்சேனையில் தகப்பனின் மின்சாமான் கடையை ஏற்று நடத்தினான். வாழ்நாள் முழுவதும் என் கடிதங்களில் கடலைப் பற்றி வாசித்தவன், கடையை மகனிடம் ஒப்படைத்த கையோடு ஒரு பழைய படகை வாங்கினான். ஐந்தாறு பேர் இருக்கக்கூடிய கண்ணாடியிழைப் படகு. நடுவில் ஒரு பெட்டிக்குள் சிறிய டீசல் எஞ்சின். மட்டக்குளிப் பக்கத்தில், களனி ஆறு கடலில் விழுவதற்குச் சற்று முன்னால், தெரிந்தவர் ஒருவரின் இறங்குதுறையில் அதைக் கட்டி வைத்திருந்தான். ஞாயிறு காலைகளில் நான் கோட்டை வரை புகையிரதத்தில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து அவன் வீட்டுக்குப் போவேன். அவனுடைய மனைவி தரும் தேநீரைக் குடித்துவிட்டு இருவருமாக ஆற்றங்கரைக்குப் போவோம். முகத்துவாரத்தைத் தாண்டி, கரை கண்ணுக்குத் தெரியும் தூரம் வரையில் போய்த் திரும்புவோம். அதற்கு மேல் போக இருவருக்கும் ஆசை இருந்ததில்லை.

படகின் எஞ்சினைக் காரின் எஞ்சினைப் போல நினைப்பவர்கள் உண்டு. ஓடுகிற காருக்கு முன்னாலிருந்து காற்று வந்து ரேடியேட்டரை ஆற்றும். படகில் எஞ்சின் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதன் உடலுக்குள் ஓடும் நன்னீரைக் குளிரவைக்க வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சியெடுக்க வேண்டும். படகின் அடியில் ஒரு துளை. துளையின் மேல் ஒரு வால்வு. அடுத்துக் குப்பையைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. அதன் பிறகு பம்ப். பம்புக்குள், மடங்கிய இறக்கைகள் கொண்ட றப்பர்ச் சில்லு என்னும் சிறு சக்கரம் ஒன்று சுழன்று தண்ணீரைத் தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு கலந்து, பின்புறக் குழாயால் வெளியே கொட்டுகிறது. சில்லை நனைத்துக் காப்பதும் அதே தண்ணீர்தான். வால்வு மூடியிருக்க எஞ்சினைத் தொடக்கினால், சில்லு வறண்டு சுழன்று சிறிது நேரத்திலேயே கருகிப் பிய்ந்துவிடும். அப்படியென்றால் வால்வை எப்போதும் திறந்தே வைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். வைத்திருக்கலாகாது. கட்டிக் கிடக்கும் படகில் ஒரு குழாய் வெடித்தால், திறந்த வால்வு வழியே ஆறு உள்ளே வந்துவிடும். ஆகவே திரும்பியதும் மூட வேண்டும். புறப்படுமுன் திறக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் அவனுக்கு ஒருமுறை சொன்னதுதான். கடைக்காரன் அல்லவா, சரக்கைப் பேணுவது அவனுக்கு இரத்தத்தில் இருந்தது. ஆற்றில் மிதந்து வரும் ஆகாயத்தாமரை வேரும் பொலித்தீன் துண்டும் வடிகட்டியில் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு வாரமும் அதைக் கழற்றிக் கழுவுவான். உப்பு அரிப்பை எஞ்சினுக்குப் பதிலாகத் தான் ஏற்றுக் கரையும் துத்தநாகக் கட்டி பாதியாகத் தேய்ந்ததும் மாற்றிவிடுவான். கடலிலிருந்து வந்தவுடன், வீட்டிலிருந்து கொண்டுவந்த குழாய்த் தண்ணீரை வாளியில் ஊற்றி, பம்பை அதிலிருந்து உறிஞ்சச் செய்து, எஞ்சினின் உட்புறத்து உப்பைக் கழுவுவான். குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத் துடைப்பதுபோல எஞ்சினின் மேற்புறத்தைப் பழந்துணியால் துடைப்பான். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும்.

அவன் முதலில் மறக்கத் தொடங்கியது இந்தக் கழுவலைத்தான். வாளி காய்ந்திருக்கும், "கழுவியாச்சு" என்பான். அவன் திரும்பிப் பாராத நேரத்தில் நான் கழுவிவிடுவேன். பிறகு கொட்டாஞ்சேனையில், பிறந்து வளர்ந்த தெருக்களிலேயே ஒருநாள் வழி தவறினான். பொரளையில் ஒரு மருத்துவர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். மகன் காரின் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, வாங்கி வைத்துக்கொண்டான். மனைவி அடுப்பண்டையில் அவனைத் தனியே விடுவதில்லை.

மகன் நல்லவன், பயந்தவன். நான் கூட இருப்பதால்தான் படகை விட்டுவைத்திருப்பதாகவும், படகில் அப்பாவின் மறதியால் ஒரு பிசகு நடந்தாலும் மறுநாளே அதை விற்றுவிடுவதாகவும் என்னிடம் தொலைபேசியில் சொன்னான். அப்பாவிடமும் சொல்லிவிட்டானாம். நான் அவனைக் குறை சொல்லவில்லை. என் தகப்பன் அந்த நிலையில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு, படகு முகத்துவாரத்தைத் தாண்டியதும் நண்பன் அந்தப் பேச்சை எடுத்தான். கடலில் இருக்கும்போது அவனுக்குச் சொற்களுக்குத் தட்டுப்பாடு இருப்பதில்லை.

"காரை எடுத்திட்டான், சரி. கடையை நானே குடுத்தனான், அதுவும் சரி. இதையும் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமையிலை நான் என்னடா செய்யிறது?"

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன். எஞ்சின் திறப்பை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை நிறுத்தி, வால்வின் கைப்பிடியிலேயே ஒரு வளையத்தில் மாட்டிவிட்டேன். எஞ்சின் பெட்டிக்கு வேறு பூட்டு இருந்தபடியால் களவு போகும் என்ற பயமில்லை. இனித் திறப்பு வேண்டுமென்றால் குனிந்து வால்வைத் தொட வேண்டும். தொட்ட கை அதைத் திருப்பாமல் வராது. கப்பல்களில் நாங்கள் கைக்கொண்ட இந்த வழி ஆண்டு முழுவதும் அவனிடம் தவறவில்லை. தேநீர் குடித்ததை மறந்து மறுபடியும் கேட்பவன், குனிந்து, வால்வைத் திருப்பி, திறப்பைக் கழற்றி, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே நான் புகையிரதம் ஏறினேன் என்று சொல்லலாம்.

யாழ்ப்பாணத்து வழிவந்த எங்கள் வீடுகளில் சரசுவதி பூசை என்றால் புத்தகங்கள்தான். நண்பனின் மனைவி செட்டியார் தெரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பிறந்த வீட்டில் அது ஆயுத பூசை. தராசு, கத்தரிக்கோல், இரும்புப் பெட்டியின் சாவி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சுவாமிக்கு முன்னால் பரப்புவார்கள். அப்படி வைத்தவற்றை விஜயதசமிப் பூசை முடியும்வரை எவரும் தொடுவதில்லை. தொட்டு எடுக்கும்போது அதே கையோடு தொழிலைத் தொடங்கிவிட வேண்டும்; நடுவில் வேறொன்றில் கை வைப்பது ஆகாது. மணமுடித்து வந்த நாளிலிருந்து கொட்டாஞ்சேனை வீட்டிலும் அவர் அந்த முறையை விட்டதில்லை.

அவ்வருடம், கணவனின் உடல்நிலையை நினைத்து, படகின் சாமான்களும் பூசைக்கு வரவேண்டும் என்று அவர் விரும்பினார். பூசைக்கு முந்தின நாள் நண்பன் மகனுடன் ஆற்றங்கரைக்குப் போய், ஸ்பனர்களையும் திருப்புளிகளையும் பொறுக்கி எடுத்தான். வால்வின் கைப்பிடியில் தொங்கிய திறப்பையும் கழற்றினான்; படகு புறப்படாத நாள் என்பதால் வால்வை மூடியபடியே விட்டார்கள். எல்லாம் ஒரு பித்தளைத் தட்டத்தில் சந்தனப் பொட்டோடு சுவாமி அறையில் இருந்தன. நான் என் வீட்டுப் பூசையில் இருந்தேன். திறப்பு இடம் மாறிய செய்தி எனக்குத் தெரியாது.

விஜயதசமியன்று நான் முச்சக்கர வண்டியில் நேரே இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தேன். படகுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். நண்பன் வேட்டி சால்வையுடன் கம்பீரமாக நின்றான். மகன் கனடாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்பக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நல்ல நேரம் முடியப் போகிறது என்று நண்பனின் மனைவி அவசரப்படுத்தினார். கயிற்றை அவிழ்க்க நான் படகின் முனைக்குப் போனேன். எனக்குப் பின்னால் அவர் தட்டத்தை நீட்டியிருக்கிறார். நண்பன் திறப்பைக் கண்ணில் ஒற்றி, முறைப்படி, நடுவில் வேறெதிலும் கை வைக்காமல், அதைப் பெட்டிக்கு வெளியே இருக்கும் தொடக்குத் துளையில் போட்டுத் திருப்பியிருக்கிறான்.

எஞ்சின் எடுத்த எடுப்பிலேயே இயங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. தண்ணீரோடு வரும் புகை தொண்டையைக் கனைப்பதுபோல் ஒலிக்கும். இது வறண்ட, உரத்த ஒலி. முழங்கால் வலியையும் என் வயதையும் மறந்து பின்பக்கம் ஓடினேன். குழாயிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. நான் எஞ்சினை நிறுத்தியபோது சாம்பிராணி வாசனைக்கு நடுவில் கருகிய றப்பரின் நாற்றம் எழுந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன். வால்வு மூடியபடியே இருந்தது. திறப்பு தொங்க வேண்டிய வளையம் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. என்ன நடந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மகன் தொலைபேசியைத் தாழ்த்தினான். அவன் கோபப்படவில்லை; அது இன்னும் கடினமாக இருந்தது.

"அப்பா, வால்வைத் திறந்தனீங்களோ?"

நண்பன் தன் கையைப் பார்த்தான். விரலில் சந்தனம் ஒட்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். கல்லூரியில் விடை தெரியாமல் வாங்கின் மேல் ஏறி நின்ற நாட்களிலும் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அன்றெல்லாம் அவன் சிரித்துக்கொண்டுதான் நிற்பான்.

"வால்வு என்ரை பொறுப்பு," என்றேன். "நான்தான் திறக்க மறந்திட்டன்."

"நீங்களோ, அங்கிள்?"

"ஏன், எனக்கு மறதி வராதோ?"

என் குரல் தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தது. நான் முனையில் நின்றபோது எஞ்சினைத் தொடக்கியது தன் கணவன்தான் என்பது நண்பனின் மனைவிக்குத் தெரியும். தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே சற்று நேரம் பார்த்தார்.

"அண்ணனுக்கும் வயசாச்சு தானே," என்றார். "வெயில்ல நிக்காதீங்க. இப்படி நிழலுக்கு வந்து உக்காருங்க."

நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார். நண்பன் எனக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தான். முகம் தெளிந்திருந்தது. என் தோளில் கை போட்டு, "பரவாயில்லை மச்சான், எல்லாருக்கும் வாறதுதான்," என்றான்.

அடுத்த ஞாயிறு பம்பைக் கழற்றினோம். றப்பர்ச் சில்லின் இறக்கைகள் கருகிப் பிய்ந்திருந்தன. புதுச் சில்லைப் போடுவது சிறு வேலை. பிய்ந்த துண்டுகள் ஒவ்வொன்றையும் தேடி எடுப்பதுதான் பெரிய வேலை. ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும், சூட்டை மாற்றிக்கொள்ளும் மெல்லிய குழாய்களில் போய் அடைத்து, புதுச் சில்லு இருக்கும்போதே எஞ்சினைச் சூடேற வைத்துவிடும். நண்பன் படகின் பலகையில் சப்பணமிட்டு அமர்ந்து, கிடைத்த துண்டுகளை ஓர் எவர்சில்வர் தட்டில், உடைந்த கிண்ணத்தைப் பொருத்துவதுபோல, அந்தந்த இறக்கையோடு சேர்த்து வைத்தான். இடையில் இருமுறை தேநீர் கேட்டான், இருமுறையும் குடித்தான். ஆனால் எந்தத் துண்டு எந்த இறக்கையைச் சேர்ந்தது என்பதில் அவனுக்குத் தடுமாற்றம் வரவில்லை.

எனக்குப் போதும் என்று தோன்றியது. அவன் விடவில்லை.

"இன்னும் ஒண்டு கிடக்கு," என்றான். "இந்த முனையைப் பார். இது எங்கை?"

குழாய்களின் மூடியைக் கழற்றினோம். கருமிளகளவு துண்டு ஒன்று ஒரு குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை நகத்தால் கிளப்பி, வேட்டியில் துடைத்து, தட்டில் இருந்த இடைவெளியில் வைத்தான். பொருந்திற்று. அந்த வட்டத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்டான்:

"இதை ஆர் மச்சான் எரிச்சது?"

"நான்தான்."

"நீயோ? உன்னைப் போய் சீஃப் எண்டு கூப்பிடுறாங்களே."

அவனுடைய மனைவி கரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

மகன் படகை விற்கவில்லை. அவன் விதித்த நிபந்தனை அப்பாவின் மறதிக்கு. பிழை என்னுடையதாகிவிட்டதால் அது பொருந்தவில்லை. புதிதாக ஒரு நிபந்தனை சொன்னான். இனி அங்கிள் தனியாக எஞ்சினைத் தொடக்கக்கூடாது. அப்பா பக்கத்தில் நின்று வால்வு திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடக்க வேண்டும். அதைச் சொன்னபோது அவன் என் கண்ணைச் சந்திக்கவில்லை. அவன் கெட்டிக்காரன். எவ்வளவை நம்பினான் என்று நான் கேட்டதுமில்லை.

நண்பன் அந்தப் பொறுப்பைத் தலைமேல் ஏற்றுக்கொண்டான். நான் பெட்டியை நெருங்கும்போதே, "வால்வு?" என்று அதட்டுவான். "திறந்தாச்சு" என்றால் நம்பமாட்டான். தானே குனிந்து பார்ப்பான். சில நாட்களில் பார்த்துவிட்டு நிமிர்ந்ததும் மறுபடி கேட்பான். நானும் மறுபடி சொல்வேன். தன் வேலைகளை ஒவ்வொன்றாகத் தவறவிட்டவன் என்னைக் கண்காணிக்கும் வேலையை மட்டும் தவறவிடவில்லை. அந்த வருடமும் அதற்கடுத்த வருடத்தில் பாதியும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

மட்டக்குளியில் நடந்தது வெள்ளவத்தைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தை மண்டபமொன்றில் நடந்த ஒரு திருமணத்தில் நண்பனும் நானும் அடுத்தடுத்த கதிரைகளில் சாப்பிட இருந்தோம். முன்னொரு காலத்தில் என்னிடம் வேலை பழகிய பொறியியலாளர் ஒருவர் எதிரே வந்து அமர்ந்தார். இப்போது அவரே ஒரு பெரிய அதிகாரி.

"சீஃப், தண்ணி விடாமல் எஞ்சினை எரிச்சுப்போட்டீங்களாம். உண்மையோ?"

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பலர் என் வாயால் ஏச்சு வாங்கியவர்கள். சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஒரு சொல் சொல்லியிருந்தால் என் பெயர் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். பக்கத்துக் கதிரையில் நண்பன் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்," என்றேன். "உண்மைதான்."

நண்பன் வடையை இலையில் வைத்தான். நிமிர்ந்து, கடைக்கு வந்த முரட்டு வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல அந்த அதிகாரியைப் பார்த்தான்.

"தம்பி, சிரிக்காதை. வயசு போனால் மறதி வாறதுதான். இவரை ஞாயிறு ஞாயிறாய்க் கூட்டிக்கொண்டு போய், எல்லாத்தையும் சரிபார்த்து விடுறது நான். நான் இருக்கிறவரைக்கும் இவருக்கு ஒரு குறையும் வராது."

அவன் என் இலையைப் பார்த்து, பாயசம் வரவில்லை என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு ஊற்றச் செய்தான். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்; கைகழுவும் இடத்திலும் விடவில்லை. மண்டபத்தின் படிகளில் இறங்கும்போது, "பார்த்து, மச்சான்," என்றான்.

நான் பார்த்து இறங்கினேன்.